சத்தம் போடாத ஆன்ட்டி வைரஸ்

என் பென் டிரைவை அவர் இரண்டு விரலால் பிடித்துக் கம்ப்யூட்டரிலிருந்து உருவினார். செத்த பல்லியை எடுத்துப் போடுவதுபோல மேசை ஓரத்தில் வைத்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்ணா. போன தடவ நீங்க வந்து டிசைன் ஏத்திட்டுப் போனதுக்கப்பறம் எங்க சிஸ்டத்துல ஒரு ஃபோல்டரும் தெறக்க மாட்டீங்குது. எல்லாம் ஷார்ட்கட்டா நிக்குது. பார்ட்டிக்குச் சலான் அடிச்சுக் குடுக்கக்கூட முடியாம நேத்தெல்லாம் கையில எழுதிக் குடுத்தேன்.”

பெருமாநல்லூரில் என் வீட்டுக்கு அடுத்த சந்தில் எம்ப்ராய்டரி யூனிட் நடத்துகிறவர் அவர். என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் நான் அம்மணி என்பேன், அவர் அண்ணா என்பார். அதட்டிப் பேசத் தெரியாதவர். அதட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“என்னுதுல இருந்துதான் வந்துச்சுங்களா அம்மணி?”

“அது எனக்கெப்படீங்ணா தெரியும்? உங்குளுக்கு மட்டும் சொல்லல, வர்றவங்க எல்லாத்துக்கும்தான் சொல்றேன். நல்ல ஆன்ட்டி வைரஸா ஒண்ணு போடுங்க. சுத்தமா இருக்குதுன்னு அது காட்டுமில்லீங், அத எனக்குக் காட்டுங்க. அன்னைக்கே வாங்கிக்கறேன். அது வரைக்கும் வேண்டாங்ணா.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேலே இருந்த பூஜை அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முருகன் படம், காமாட்சி விளக்கு, படத்துக்கு முன்னால் எப்போதும் இருக்கும் தீப்பெட்டி அளவு டப்பி ஒன்று. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தன. ஏதாவது கோயிலில் மந்திரித்துக் கொடுத்ததாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கும் ஒன்று கிடைத்தால் தேவலை போலிருந்தது.

என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் சட்டையில் நெஞ்சுப் பக்கம் கரடி, வாத்து, கப்பல் என்று நூலில் பூவேலை இருக்கும் அல்லவா? மிஷின் தானாக அதைப் போடாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், எங்கே அறுத்துக்கொண்டு அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சிங் என்று பெயர். வீட்டு முன்ரூமில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்து, பென் டிரைவில் போட்டு யூனிட்டுக்கு எடுத்துப் போவேன்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்தவன் நான். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுக்குவதுதான் கைமடி. அப்புறம் ஓவர்லாக் டெய்லர் ஆனேன். வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. கத்தரி பிடித்தால் நழுவும், சோறு பிசைந்தால் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இனி மிஷினில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகி இந்த வேலைக்கு வந்தேன். இதை விட்டால் எனக்குக் கை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த அம்மணியின் யூனிட்டில்தான் எனக்குப் பெரும்பாலான வேலை. மற்ற சின்ன யூனிட்காரர்கள் அவரைக் கேட்டுத்தான் யாருக்கும் வேலை கொடுப்பார்கள். அவர் என் பென் டிரைவை வாங்கவில்லை என்றால் யாரும் வாங்க மாட்டார்கள்.

அதனால், நல்ல ஆன்ட்டி வைரஸ் எது என்று தேடப் புறப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் பென் டிரைவ் என்பது தீப்பெட்டி மாதிரி. யாருடையது என்று கணக்கில்லை. மிஷின் தலையில் நூல் கட்டித் தொங்கும். பிரிண்டிங் யூனிட்காரர் எடுத்துப் போவார், ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் வாங்கிப் போவார், திரும்பி வரும்போது டிசைனோடு ஏதாவது பாட்டும் ஏறியிருக்கும். பகலில் முருகன் பாட்டு ஓடும் ஸ்பீக்கரில் ஷிப்ட் மாறினால் வடக்கத்திப் பையன்களின் போஜ்புரிப் பாட்டு ஓடும், எல்லாம் அதே பென் டிரைவ்தான். கம்பெனி வேன் டிரைவர்கூட வாங்கிக்கொண்டு போய் வேனில் சொருகுவார். காய்ச்சல்காரன் குடித்த டம்ளரைக் கழுவாமல் அடுத்தவன் குடிக்கிற மாதிரி அல்லவா இது என்று எனக்கு மட்டும் அடிக்கடி தோன்றும். தோன்றுகிறதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்குப் பயம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சிலிண்டரை மூடினாளா என்று மனைவிக்குப் போன் செய்வேன். அவள் ஒரு கம்பெனியில் செக்கிங். வேலை நேரத்தில் போனைக் கையில் எடுக்கக் கூடாது, அதற்கும் சேர்த்துப் பயப்படுவேன்.

பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். நான் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மற்ற பென் டிரைவுகளோடு ஒட்டாமல் ஜன்னலில் தனியாக வைத்திருந்ததைப் பார்த்தாள்.

“ஏனுங்க, அதென்ன அம்மையா போட்டிருக்குது? பக்கத்துல வேப்பெலையும் சொருகி வெச்சுருங்க.”

“உனக்கு எல்லாமே கேலி.”

“கேலி இல்லீங்க. அது கம்பியூட்டர்ல சொருகுனாத்தான் ஒட்டும், சும்மா பக்கத்துல இருந்தா ஒட்டாது. எனக்குத் தெரிஞ்சது உங்குளுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது.

பேக்கரியில் டீ குடிக்கும்போது தெற்கத்தி நண்பரிடம் கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பல வருஷமாக இங்கேயே இருக்கிறவர், அவரும் பஞ்சிங் செய்கிறவர்.

“நல்ல ஆன்ட்டி வைரஸ் எதுன்னா கேக்கீரு?” என்று தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் முக்கினார். “சத்தம் போடாம கெடக்குல்லா, அதுதான் நல்லது. என் சிஸ்டத்துல ஒண்ணு இருக்கு. இருக்க இடமே தெரியாது. மாமியா வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஒரு மூலைல இருக்கும்.”

“அப்ப வைரஸைப் புடிக்குதுங்களா?”

“புடிக்கா, புடிக்கலையான்னு யாரு பாத்தா? வேலை ஓடுதா? ஓடுது. பின்ன என்னவே? சும்மா கெடக்க சங்க ஊதிக் கெடுத்திராதீரும்.”

பக்கத்தில் நின்ற யாரோ, காசு கொடுத்து வாங்குவதுதான் நல்லது என்றார். இன்னொருவர், காசு கொடுத்தாலும் வருஷம் முடிந்ததும் சீட்டுக்காரன் மாதிரி தினமும் வந்து நிற்கும் என்றார். பேக்கரிக்காரர், எங்க கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் இல்லீங்க, தெனமும் தொடச்சு வெக்கறோம் என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கூகுளில் தேடினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சிறந்தது, மிகச் சிறந்தது, இலவசம் என்கிற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றை அமுக்கினேன். திரை முழுவதும் சிவப்பாகி, ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட ஆரம்பித்தது. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, அணைக்காதீர்கள், உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று ஒரு பெண் குரல். மூடப் பார்த்தேன், மூடவில்லை. போனை எடுத்து நம்பரைப் பாதிவரை அமுக்கிவிட்டேன்.

சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு வந்த மனைவி, திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் போய்ச் சுவிட்சை அணைத்தாள். ஊளை நின்றது.

“அணைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே!”

“திருடன் வேற என்னுங்க சொல்லுவான்? கதவைச் சாத்திக்கோங்கன்னா சொல்லுவான்?”

அதன் பிறகு ஜாக்கிரதையாக, பெயர் தெரிந்த ஒன்றை அதன் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கிப் போட்டேன். போட்டதும் கொஞ்சம் நிம்மதி வந்தது. நிம்மதி வந்தால் எனக்கு அதுவே சந்தேகமாகிவிடும். ஒரு வாட்ச்மேன் தூங்கிவிட்டால்? அதனால் இன்னொன்றையும் போட்டேன். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் நகர மறுத்துவிட்டது. ஒன்றை ஒன்று திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றன போலிருக்கிறது. மவுஸை அசைத்தால் அம்பு அரை நிமிஷம் கழித்து, போகட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வந்தது.

மனைவியின் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிற மேடம் ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டு வரச் சொன்னேன். மனைவி சாப்பாட்டு இடைவேளையில் கேட்டு வந்து எனக்கு ஒப்பித்தாள்.

“ரெண்டு போடவே கூடாதாமா. ஒரே அடுப்புல ரெண்டு மாமியா நிக்கற மாதிரி ஆயிருமுன்னாங்க. கம்பியூட்டரோடயே ஒண்ணு வருதாமுங்க, காசும் கெடையாது. நம்மளாட்ட ஊட்டுல வெச்சிருக்கறவங்களுக்கு அதே போதுமுன்னாங்க. மத்த ரெண்டையும் வழிச்சு எடுத்துப் போட்டுட்டு, இருக்கறத ஆன் பண்ணி, அப்டேட் கேட்டா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாம உடனே போட்டுரணுமாம். பென் டிரைவ் சொருகுனதும் தெறக்காம மொதல்ல ஸ்கேன் பண்ணணுமாம். முக்கியமானதை எல்லாம் தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சுரணுமாம். அவ்வளவுதானாமா.”

“காசில்லாதது நல்லா இருக்குமா? கேட்டியா அதை?”

“கேட்டனுங்க. காசு குடுத்து வாங்கறதும் நல்லதுதானாமா, ஆனா எது வாங்குனாலும் அதை அணைச்சு வெச்சுட்டா வாங்காத மாதிரிதான்னாங்க.” ஒரு நிமிஷம் யோசித்து, “உங்க சிஸ்டத்துல அது அணைஞ்சு இருக்குதான்னும் பாக்கச் சொன்னாங்க. எதுக்குச் சொன்னாங்கன்னு தெரியல” என்றாள்.

மற்ற இரண்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அணைந்துதான் இருந்தது. யார் அணைத்தது? நான் அதைத் தொட்டதே இல்லை, தொடப் பயம்.

மறுநாள் மதியம் சாமி கும்பிட்டுவிட்டு அதை ஆன் செய்தேன். ஜன்னலில் இருந்த பென் டிரைவைக் கவரிலிருந்து எடுத்துச் சொருகி, மேடம் சொன்னபடி திறக்காமல் ஸ்கேன் போட்டேன். பச்சைக் கோடு ஊர்ந்து போனது. பிடித்தது. ஒன்று, இன்னொன்று. எல்லாவற்றையும் பிடித்து ஒரு பக்கம் அடைத்து வைத்தது. பிறகு கம்ப்யூட்டர் முழுவதும் தேடச் சொல்லிவிட்டுச் சோறு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பச்சை டிக். எந்த ஆபத்தும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், அம்மணிக்குக் காட்ட.

அப்புறம் வேலை செய்யலாம் என்று பஞ்சிங் சாப்ட்வேரைத் திறந்தேன். திறக்கவில்லை. லைசென்ஸ் இல்லை என்றது.

சாப்ட்வேர் ஏற்றிக் கொடுத்த சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். இந்தப் பக்கத்தில் பாதி யூனிட்டுக்கும் பஞ்சிங் செய்கிறவர்களுக்கும் சிஸ்டம் பார்ப்பவர் அவர்தான்.

“ஆன்ட்டி வைரஸ் ஆன் பண்ணீட்டீங்களாங்ணா? அய்யோ, அதை ஏனுங்ணா ஆன் பண்ணுனீங்க? நாந்தான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். அது நம்ம சாப்ட்வேரோட ஒரு ஃபைலை வைரஸுன்னு புடிச்சுக்கும். காசு கட்டாம ஓட லாக் உடைச்ச சாப்ட்வேருங்ணா அது. திருப்பூர்ல முக்காவாசிப் பேரு அதுலதான ஓட்டறாங்க. ஆஃப் பண்ணீட்டு இருங்க, வந்து திரும்பப் போட்டுத் தர்றேன்.”

லாக் உடைத்தது என்று அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். கம்ப்யூட்டர் வாங்கும்போதே அது உள்ளே இருந்தது. டிவி வாங்கினால் ரிமோட் வருவதுபோல வந்தது என்று நினைத்திருந்தேன்.

“அப்ப அந்த ஃபைல் நெசமாலுமே வைரஸுங்களா, இல்லீங்களா?”

அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“எப்படீங்ணா சொல்றது? எனக்கும் ஒருத்தரு குடுத்ததுதான். அதைப் பண்ணுனவன் உள்ள என்னத்தை வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷம் ஓடுச்சு, ஒண்ணும் ஆகலையே.”

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆன்ட்டி வைரஸை ஆன் செய்தால் பச்சை டிக் வரும், வேலை செய்ய முடியாது. ஆஃப் செய்தால் வேலை செய்யலாம், என் பென் டிரைவை நானே நம்ப முடியாது. பேக்கரியில் நண்பர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. எங்கள் தொழிலில் எல்லோரும் சத்தம் போடாததைத் தேடியது அது நல்லது என்பதற்காக இல்லை. குரைக்கிற நாய் முதலில் நம்மைப் பார்த்துத்தான் குரைக்கும் என்பதால்.

அந்த நண்பரிடமே போய்ச் சொன்னேன். அவர் என் போனை வாங்கிப் பச்சை டிக் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுதான் இருக்குல்லா? இதக் காட்டும் அந்தம்மாட்ட. காட்டிட்டு வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ணிரும். கல்யாணப் பத்திரிகைல போட்ட போட்டோ மாதிரிதான மாப்பிள்ளை எப்பவும் இருக்கணும்னு யாராச்சும் கேப்பாவளா?”

பொய் சொல்லச் சொல்லவில்லை அவர். போட்டோ உண்மைதான். அதுவே எனக்குப் பாதி தைரியமாக இருந்தது.

மறுநாள் காலை யூனிட்டுக்குப் போனேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊசிகள் ஒரே நேரத்தில் இறங்குகிற சத்தத்தில் ஆபீஸ் ரூம் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். அம்மணியிடம் போனை நீட்டினேன். பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அப்பாடா. நீங்கதானுங்ணா மொதல்ல வந்திருக்கீங்க. மத்தவங்க எல்லாம், நாங்க என்ன நோயாளிங்களான்னு மூஞ்சியத் தூக்கீட்டுப் போயிட்டாங்க. குடுங்க பென் டிரைவை.”

நீட்டினேன். அவர் கை பக்கத்தில் வந்தது. என் கை விடவில்லை. அவர் இழுத்தார், நான் பிடித்திருந்தேன். தைரியசாலிக்குத்தான் பொய் தாங்கும். என்னைப்போலப் பயந்தவன் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ராத்திரி எப்படித் தூங்குவான்?

“என்னுங்ணா?”

“அம்மணி, இந்தப் பச்சை நேத்து மத்தியானம் வந்த பச்சை. நெசந்தான். ஆனா அது வந்ததுல இருந்து என் பஞ்சிங் சாப்ட்வேர் தெறக்க மாட்டீங்குது. லாக் உடைச்சதாமா. அதைத் தெறக்கணும்னா ஆன்ட்டி வைரஸை அணைக்கணுமாமா. இன்னைக்கு நீங்க இதை வாங்கிக்கலாம். இதுல இருக்கறது பழைய டிசைன்தான், சுத்தமா இருக்குது. அடுத்த தடவ நான் கொண்டாரதை என்னால சத்தியம் பண்ண முடியாது.”

சொல்லி முடித்ததும் பென் டிரைவை மேசைமேல் வைத்தேன். இனி இந்தச் சந்துக்குள்ளேயே வர வேண்டியதில்லை என்று நினைத்தேன். மனைவியிடம் என்ன சொல்வது, மரத்துப்போன கையை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது என்று அதற்குள் மனசு பெருமாநல்லூரைத் தாண்டிப் போய்விட்டது.

அம்மணி கோபப்படவில்லை. கண்ணாடி வழியாக மிஷின்களைப் பார்த்தார். பிறகு தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“உங்குளுக்கு யாரு ஏத்திக் குடுத்தாங்க?”

சொன்னேன்.

“எங்க சிஸ்டத்துக்கும் அவருதானுங்ணா. முந்தி இங்கயே பஞ்சிங்குக்கு ஒருத்தர் இருந்தாரில்லீங், அவருக்காக ஏத்துனது. அப்ப எங்குளுதும் அணைஞ்சுதான் இருக்கோணும்.”

அமுக்கிப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. எத்தனை வருஷமாக அணைந்திருந்ததோ. எங்கிருந்து வந்து எதில் ஏறி யாருக்குப் போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அம்மணி நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“நானும் வாசல்ல கதவில்லாம ஒக்காந்துட்டுத்தான் உங்களைச் செருப்பைக் கழட்டீட்டு வாங்கன்னு சொல்லியிருக்கறேன்.”

அந்தச் சிரிப்பில் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பென் டிரைவ் இன்னும் எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில், மேசைமேல்தான் இருந்தது. என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. லாக் உடைக்காததை வாங்குவது என்னால் ஆகிற காரியமில்லை என்று அவருக்கும் தெரியும்.

அவர் மிஷின் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரிஜினல் சாப்ட்வேர் தவணையில் கிடைக்குமா என்று கேட்கத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் ஒரு ஆள் மிஷின் நம்பரைக் கேட்டு எதையோ தட்டிப் பார்த்தார்.

“மேடம், உங்க மிஷினோட பஞ்சிங் சாப்ட்வேரும் சேர்த்துத்தான் குடுத்திருக்கோம். பெரிய வெர்ஷன் இல்ல, ஆனா போதுமானது. டாங்கிள் ஒண்ணு குடுத்திருப்போமே. யூஎஸ்பில சொருகற மாதிரி, சின்னதா. அதைச் சொருகுனாத்தான் சாப்ட்வேர் ஓடும்.”

“அப்படி ஒண்ணும் எங்கிட்ட இல்லீங்களே. மிஷின்ல சொருகறதுங்களா?”

“இல்ல மேடம், கம்ப்யூட்டர்ல. ஒரு கறுப்பு டப்பில இருக்கும். பத்திரமா வைங்க, தொலைச்சா திரும்பக் கெடைக்காதுன்னு சொல்லித்தான் எல்லாருக்கும் குடுப்போம்.”

அம்மணி மெதுவாகத் தலையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். முருகனுக்கு முன்னால் அந்த டப்பி இருந்தது.

“அது மிஷினுக்கு ஏதோ முக்கியமான உயிர்ச் சாமான்னு நெனச்சனுங்ணா,” என்று முனகினார். “பத்திரமா வைங்கன்னாங்க. இதுக்கு மேல பத்திரமான எடம் எங்க இருக்குது?”

போனில் இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது போல. “மேடம், இன்னும் சொருகவே இல்லையா?” என்றார்.

“இல்லீங்க. ஆனா வருஷம் தவறாம பொட்டு வெச்சிருக்கறோம்.”

அந்தப் பக்கத்தில் சிரித்துச் சிரித்து இருமியது கேட்டது. சாப்ட்வேரைத் தங்கள் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், டாங்கிள் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ அங்கே ஓடும், ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லி வைத்தார்.

அம்மணி ஸ்டூல் போட்டு ஏறி, முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டப்பியை எடுத்தார். மூடி திறக்கவில்லை. சந்தனம் பசை மாதிரி பிடித்திருந்தது. நூல் அறுக்கிற சின்னக் கத்தரியால் சுற்றிக் கீறித் திறந்தார். உள்ளே ஒரு கட்டைவிரல் அளவு சாமான்.

“நீங்க எடுத்துட்டுப் போங்ணா.”

“நானா? உங்க சாமானு, தொலைஞ்சா திரும்பக் கெடைக்காதுன்னாரே.”

“இங்க இப்ப பஞ்சிங்குக்கு ஆளே இல்ல. எங்களுக்குத்தான நீங்க பண்ணித் தர்றீங்க? மத்த யூனிட்டுக்குப் பண்ணுனாலும் எனக்கொண்ணும் இல்ல. எங்க சிஸ்டத்துலயும் இன்னைக்கு ஆன் பண்ணி எல்லாத்தையும் கழுவீரச் சொல்றேன். ஆயுத பூஜைக்கு மட்டும் கொண்டாந்து வெச்சுருங். அது இல்லாம எப்படிப் பூஜை பண்றது?”

பென் டிரைவை எடுத்து அவரே தன் பையில் போட்டுக்கொண்டார். நான் கேட்காமலே.

வழியில் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மூடியைக் கீறியபோது டாங்கிளின் இரும்பு முனையில் புகுந்திருந்த சந்தனத் தூளைப் பல்குச்சியால் எடுத்துச் சுத்தம் செய்தேன். ஆன்ட்டி வைரஸ் ஆனில் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். சாப்ட்வேரை இறக்கி, டாங்கிளைச் சொருகிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். இப்போது கத்தும், இப்போது பிடிக்கும் என்று திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. சாப்ட்வேர் திறந்தது.

முன்பு இருந்ததைவிட அதில் வசதி குறைவு. கரடியின் காதை வளைக்க முன்பு ஒரு அமுக்கு போதும், இதில் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்த வேண்டும். சாயங்காலம் வந்த மனைவி என் பின்னால் நின்று பார்த்தாள்.

“காது சின்னதா இருக்குதுங்க.”

“பழகுனா சரியாயிரும்.”

“ஆன்ட்டி வைரஸ் என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல.”

“அப்ப நீங்களும் ஒண்ணும் சொல்லாம வந்து காப்பித்தண்ணி குடிங்க.”

அடுத்த வாரத்தில் தன் கம்பெனியில் வெட்டுத் துண்டாக விழுந்த, கழுத்துப் பட்டிக்கு வைக்கும் ரிப் துணியில் அந்த டாங்கிளுக்கு ஒரு குட்டித் தொப்பி தைத்துக் கொடுத்தாள், முனையில் தூசி ஏறாமல் இருக்க. தெற்கத்தி நண்பர் பார்த்துவிட்டு, “என்னவே, இதுக்கும் மொட்டை போட்டுக் காது குத்தியாச்சா?” என்றார். சிரித்துவிட்டு, தான் பஞ்சிங் செய்து கொடுக்கும் யூனிட்டிலும் மிஷினோடு வந்த டப்பி எங்கே கிடக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனார். கேட்டாரா தெரியாது.

ஆயுத பூஜை அன்று டாங்கிளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஷின்களை எல்லாம் துடைத்து, தலைக்குத் தலை பூ வைத்திருந்தார்கள். அவல் பொரியும் சுண்டலும் கண்ணாடி ரூமுக்குள் வாசம் அடித்தது. அம்மணி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் மிஷின், பிறகு கம்ப்யூட்டர், அப்புறம் டாங்கிள். முனைக்குள் மறுபடி சந்தனம் புகுந்துவிடும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அவர் ரிப் துணித் தொப்பியைக் கழற்றவில்லை. உடம்புப் பக்கத்தில் மட்டும் சந்தனத்தை ஒரு புள்ளியாகத் தொட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“போதுமுங்களாண்ணா?”

“போதும் அம்மணி,” என்றேன்.